நயசின் போத்தலைத் திறக்க முன்: கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் புதிதாகக் கையில் வாங்கியவர்களுக்கு

சம்பளம் போட்ட மறுநாள் எங்கள் பாமசியில் கால் வைக்க இடம் இருக்காது. அப்படியொரு காலையில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த அக்கா ஒருவர் கண்ணாடி மேசைமேல் இரண்டு போத்தல்களை எடுத்து வைத்தார்.

"தம்பி, மகன் கட்டார்ல இருந்து குடுத்து விட்டிருக்கான். கொலஸ்ட்ரோலுக்கு நல்லதாம். வைட்டமின் தானாம், டொக்டர் துண்டெல்லாம் தேவையில்லயாம். காலைல போடுறதா, ராவைக்குப் போடுறதா?"

இரண்டு போத்தலிலும் நயசின் என்ற பெயர். இரண்டிலும் 500 மில்லிகிராம். ஆனால் உள்ளே இருந்தவை வேறு வேறு சரக்கு. ஒன்று கொலஸ்ட்ரோலைக் குறைக்கக்கூடியது, ஈரலையும் பதம் பார்க்கக்கூடியது. மற்றதால் கொலஸ்ட்ரோலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இதே கேள்வியோடு வருகிறவர்கள் அந்த அக்கா மட்டும் இல்லை. மேசைக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அளவுக்கு நயசின் எடுத்தால் அது மருந்து. துண்டில்லாமல் கிடைத்தாலும் மருந்துதான். டொக்டரும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் அதைத் தொடங்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே படாது. ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

முதலில் ரிப்போர்ட்

போத்தலை ஒரு பக்கம் வைத்துவிட்டு ரிப்போர்ட்டை எடுங்கள். "கொலஸ்ட்ரோல் 240" என்று ஒரே ஒரு எண்தான் இருக்கிறது என்றால் அது போதாது. லிப்பிட் புரொஃபைல் என்று கேட்டுச் செய்ய வேண்டும். அதில் நாலு எண் முக்கியம்: மொத்தக் கொலஸ்ட்ரோல், எல்.டி.எல்., எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல் என்பார்களே, அது), டிரைகிளிசரைட் (இரத்தத்தில் ஓடுகிற இன்னொரு கொழுப்பு). எல்.டி.எல். தான் இரத்தக் குழாய்ச் சுவரில் படிகிறது, அதனால் டொக்டர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

பரிசோதனைக்கு முன் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். இங்கே நம்மவர்கள் செய்கிற ஒரு தவறு உண்டு. "ஒண்ணும் சாப்பிடல" என்பார்கள், விசாரித்தால் விடியக்காலையில் சீனி போட்டு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்திருப்பார்கள். மலையகத்தில் தேத்தண்ணியைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் பரிசோதனையில் அது சேரும். வெறுந்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள். முதல்நாள் இரவு சாராயம் குடித்திருந்தாலும் டிரைகிளிசரைட் ஏறிக் காட்டும்.

எல்.டி.எல். எவ்வளவு இருந்தால் கூடாது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு கோடு கிடையாது. வேறு வருத்தம் இல்லாத ஒருவருக்கு 130 மி.கி.க்குக் கீழே என்று ரிப்போர்ட் ஓரத்தில் அச்சடித்திருப்பார்கள். மாரடைப்போ பக்கவாதமோ ஒருமுறை வந்தவருக்கு 70க்கும் கீழே கொண்டுபோகப் பார்ப்பார்கள். சீனி வருத்தக்காரருக்கும் ஆளைப் பொறுத்து இலக்கு இறங்கும். உங்கள் வயது, பிரஷர், சீனி, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா என்பது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இலக்கை முடிவு செய்வார்கள். அரச ஆஸ்பத்திரிகளில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்ற கிளினிக் இலவசமாக நடக்கிறது. பிரஷர், சீனி, எடை பார்த்து, மாரடைப்பு அபாயம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். உங்களுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை நடக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் டொக்டரிடம் கேளுங்கள்: "எனக்கு இது ஏன் ஏறிச்சு?" தைரொயிட் குறைவாக வேலை செய்தால் கொலஸ்ட்ரோல் ஏறும். கட்டுக்கு வராத சீனி, சிறுநீரக வருத்தம், சில மருந்துகள் இவற்றாலும் ஏறும். தைரொயிட்தான் காரணமென்றால் அதற்கு மருந்து எடுத்ததுமே கொலஸ்ட்ரோலும் இறங்கத் தொடங்கும். "மலை ஏறி இறங்குற ஆளுக்குக் கொலஸ்ட்ரோல் எங்க வரப்போகுது" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பரம்பரையாக வருகிற கொலஸ்ட்ரோலுக்கு ஆள் மெலிவா, உழைப்பாளியா என்ற கணக்கெல்லாம் கிடையாது.

போத்தலைத் திருப்பிப் படியுங்கள்

இனிப் போத்தலை எடுக்கலாம். முன்பக்கத்தில் இதயப் படமும் பெரிய எழுத்தும் இருக்கும், அதை விடுங்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்துத்தான் வேண்டும். கண் தெரியாவிட்டால் ஓ.எல். படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

நயசின் என்பது பி3 வைட்டமின். அந்த ஒரே பெயரில் மூன்று பொருள் விற்கிறார்கள்.

நிக்கோட்டினிக் ஆசிட் என்று இருந்தால் அது அசல் நயசின். கொலஸ்ட்ரோல் குறைகிறது என்று பேசுவதெல்லாம் இதைப் பற்றித்தான். உடம்பைச் சிவக்க வைப்பதும் இதுதான்.

நியாசினமைட் அல்லது நிக்கோட்டினமைட் என்று இருந்தால் அதுவும் பி3தான். வைட்டமின் குறைபாட்டுக்கு உதவும், ஆனால் கொலஸ்ட்ரோலைக் குறைக்காது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இதை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு, "ஒண்ணுமே குறையலயே" என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, இனோசிட்டோல் என்ற சொல் சேர்ந்து வருவது. முன்பக்கத்தில் "நோ ஃப்ளஷ்", "ஃப்ளஷ் ஃப்ரீ" என்று போட்டிருப்பார்கள். இது உடம்புக்குள் போய் மிகக் குறைவான நயசினைத்தான் வெளிவிடுகிறது. அதனால் சிவப்பும் வராது, கொலஸ்ட்ரோலும் அசையாது. அக்காவின் இரண்டாவது போத்தல் இந்த ரகம்.

அடுத்து "எஸ்.ஆர்.", "டைம் ரிலீஸ்", "ஸ்லோ ரிலீஸ்" போன்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். மெதுவாகக் கரைகிற மாத்திரை என்று பொருள். உடம்பு சிவப்பது குறையட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஈரலுக்கு ஆபத்து கூடியது இந்த ரகம்தான். நயசினை உடைக்க ஈரலில் இரண்டு வழி உண்டு. உடனே கரையும் மாத்திரையில் ஒரே நேரத்தில் நிறைய வந்து சேர்வதால், பெரும்பகுதி சிவப்பை உண்டாக்கும் வழியால் போய்விடும். மெதுவாகக் கரைவதில் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் வருவதால் மற்ற வழியில் போகிறது, ஈரலைக் கெடுக்கும் கழிவுகள் உண்டாவது அந்த வழியில். சாதாரண நயசின் எடுத்துவந்த ஒருவர் அதே அளவில் மெதுவாகக் கரையும் ரகத்துக்கு மாறினால் ஈரல் பாதிக்கப்படலாம் என்பது 1990களிலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. "எல்லாம் 500 தானே" என்று போத்தலை மாற்றிப் போடக் கூடாது.

கடைசியாக அளவு. ஒரு வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவையான நயசின் 16 மி.கி., பெண்ணுக்கு 14. அக்காவின் முதல் போத்தலில் 500 மி.கி.க்கு நேரே 3125% என்று அச்சடித்திருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினேன். ஒரு மாதம் முழுக்க உடம்புக்கு வேண்டிய வைட்டமின் அந்த ஒரு மாத்திரைக்குள் இருக்கிறது. கொலஸ்ட்ரோல் குறைய வேண்டுமென்றால் அப்படி மூன்று நாலு மாத்திரை, அதாவது 1500 முதல் 2000 மி.கி. வரை, தினமும் போட வேண்டிவரும். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது வைட்டமின் கணக்குல வராதே தம்பி" என்றார். நான் பத்து வரியில் சொல்ல வந்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டிலிருந்து கிடைக்கிற நயசினுக்குப் பயப்பட வேண்டாம். கோழி, டின் மீன், கச்சான் எல்லாவற்றிலும் இருக்கிறது. கோப்பியில்கூட இருக்கிறது. பச்சைக் கொட்டையில் உள்ள ஒரு பொருள், வறுக்கும்போது நிக்கோட்டினிக் அமிலமாக மாறுகிறது. தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது என்பதால் இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும். ஒரு கோப்பையில் கிடைப்பது கொஞ்சம்தான், கொலஸ்ட்ரோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அன்று கொடுத்ததை இன்று ஏன் கொடுப்பதில்லை

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பொய் சொல்லவில்லை. நயசின் ஒரு காலத்தில் கொலஸ்ட்ரோலுக்கு முக்கியமான மருந்தாகத்தான் இருந்தது. 1955இல் கனடாவின் சஸ்காச்சவானில் அல்ட்சூல், ஹொஃபர் ஆகியோர் நிக்கோட்டினிக் அமிலம் கொலஸ்ட்ரோலைக் குறைப்பதைக் கண்டு எழுதினார்கள். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்கு நாளுக்கு 3 கிராம் கொடுத்துப் பார்த்தபோது, மறுபடி மாரடைப்பு வருவது குறைந்தது. சராசரி 15 வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது மரணமும் 11% குறைந்திருந்தது. இன்று கொலஸ்ட்ரோலுக்குப் பரவலாகக் கொடுக்கிற ஸ்டட்டின் மருந்துகள் அப்போது கிடையாது.

ஸ்டட்டின் வந்தபிறகு கணக்கு மாறியது. 1994இல் வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்வில், இதய நோயாளிகள் 4444 பேரிடம் சிம்வாஸ்டட்டின் என்ற ஸ்டட்டின் மரணத்தை 30% குறைத்தது. அதன்பின் கேள்வி இப்படி ஆனது: ஸ்டட்டின் எடுக்கிற ஒருவருக்கு மேலதிகமாக நயசினும் கொடுத்தால் இன்னும் நன்மை கிடைக்குமா? 3414 பேரை வைத்துச் செய்த எய்ம்-ஹை ஆய்வு 2011இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். ஏறியது, டிரைகிளிசரைட் இறங்கியது, ஆனால் மாரடைப்பு குறையவில்லை. 2014இல் முடிவு வந்த எச்.பி.எஸ்.2-த்ரைவ் ஆய்வில் 25,673 பேர். சிவப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தும் சேர்த்த நயசினைக் கொடுத்தார்கள். பலன் இல்லை. சீனி வருத்தம் புதிதாக வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்களவு கூடினார்கள், ஏற்கெனவே சீனி இருந்தவர்களுக்குக் கட்டுப்பாடு குலைந்தது, இரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் கூடின. 2016இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், நயசினையும் ஸ்டட்டினையும் சேர்த்துச் செய்த மாத்திரைகளுக்குக் கொடுத்திருந்த அனுமதியை விலக்கிக்கொண்டது.

ரிப்போர்ட்டில் எண் அழகாவது வேறு, மாரடைப்பு வராமல் இருப்பது வேறு. நயசின் முதலாவதைச் செய்கிறது. எல்.டி.எல். ஐந்து முதல் இருபத்தைந்து வீதம் வரை இறங்கும், எச்.டி.எல். நன்றாகவே ஏறும். அதைப் பார்த்துத்தான் நம்பிக்கை வருகிறது. ஸ்டட்டினோடு சேர்த்து எடுத்தால் இரண்டாவதற்கு உதவவில்லை என்பதை இத்தனை ஆயிரம் பேரை வைத்துப் பார்த்துவிட்டார்கள். இன்று இதய டொக்டர்கள் நயசின் எழுதாததற்குக் காரணம் இதுதான். "பழைய நல்ல மருந்தை மறைச்சிட்டாங்க" என்ற பேச்சில் உண்மை இல்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

அப்பா ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. சீனியும் கொலஸ்ட்ரோலும் உண்டு, மாதாமாதம் கிளினிக் போய்ச் சீனிக்கு மெட்ஃபோமினும், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவாஸ்டட்டின் என்ற ஸ்டட்டினும் எடுத்து வருவார். 2022இல் நாடே மருந்துக்குத் தவித்த நேரத்தில் அவருக்கும் சில மாதம் அட்டோவாஸ்டட்டின் கிடைக்கவில்லை. வெளியில் வாங்க விலை எட்டவில்லை. லண்டனில் இருக்கும் சித்தப்பா பாசத்தில் நயசின் அனுப்பினார். மெதுவாகக் கரையும் ரகம். அப்பா தினம் இரண்டில் தொடங்கி, தானாகவே நாலாக்கினார். 2000 மி.கி. நான் அப்போது கொழும்பில் வேலை செய்தேன். தொலைபேசியில் கேட்டபோது, "சித்தப்பா வைட்டமின் அனுப்பியிருக்கான்" என்று மட்டும் சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் கிளினிக்கில் வெறுவயிற்றுச் சீனி 190ஐத் தாண்டியது. அதுவரை 130க்கு மேலே போனதில்லை. டொக்டர் மெட்ஃபோமினைக் கூட்டினார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது. கிளினிக் கொப்பியில் நயசின் என்ற சொல் எங்கும் இல்லை, அப்பாவும் வாய் திறக்கவில்லை. வைட்டமினை யார் டொக்டரிடம் சொல்வார்கள்? அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. "சோத்து மணமே கொமட்டுது" என்றார். அம்மா கூடிய மெட்ஃபோமின்தான் காரணம் என்று நினைத்து, ரசமும் கஞ்சியும் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது சாமிப்படத்துக்குக் கீழே அந்தப் போத்தலைப் பார்த்தேன். பின்பக்கத்தை வாசித்தேன். அடுத்த நாளே இரத்தம் எடுத்தோம். ஈரல் பாதிப்பைக் காட்டுகிற எஸ்.ஜி.பி.டி. என்ற எண் சுமார் 40க்குள் இருக்க வேண்டும், அப்பாவுக்கு 212.

நயசினை நிறுத்தி ஆறு வாரத்தில் ஈரல் எண்கள் சரியாயின. சீனி இறங்கியது, மெட்ஃபோமின் பழைய அளவுக்குத் திரும்பியது. இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசையும். இந்த வழிகாட்டியை எழுதுவதற்குக் காரணம் அந்தப் போத்தல்தான்.

யார் கிட்டவே போகக் கூடாது

ஈரல் வருத்தம் உள்ளவர்கள், தினம் குடிப்பவர்கள். சாராயமோ கசிப்போ, ஈரல் ஏற்கெனவே சுமை தூக்கிக்கொண்டிருக்கிறது. வயிற்றுப்புண் உள்ளவர்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள், அதன் விளிம்பில் நிற்பவர்கள். கவுட் என்ற மூட்டு வருத்தம் வந்தவர்கள், ஏனென்றால் நயசின் யூரிக் அமிலத்தை ஏற்றும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார். ஸ்டட்டின் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தாங்களாகச் சேர்க்கவே கூடாது. தசை பாதிக்கப்படலாம். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரத்தக் குழாய்கள் இன்னும் விரிந்து தலைசுற்றும்.

இந்தப் பட்டியலைக் கழித்துப் பார்த்தால் நடுத்தர வயதில் மிஞ்சுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

டொக்டரே சம்மதித்தால்

ஸ்டட்டின் உடம்புக்கு ஒத்துவராத சிலருக்கோ, வேறு காரணத்துக்கோ ஒரு டொக்டர் யோசித்து நயசின் எழுதலாம். அது அபூர்வம், ஆனால் நடக்கும். அப்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை.

தொடங்குவதற்கு முன் ஈரல் பரிசோதனை, வெறுவயிற்றுச் சீனி, யூரிக் அமிலம் மூன்றும் எடுத்துக் கொப்பியில் குறித்து வையுங்கள். முதல் வருடம் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரலைத் திரும்பப் பார்க்க வேண்டும். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பஸ் ஏறிப்போய் இரத்தம் கொடுக்க முடியாது என்று நினைத்தால், அதை முதல் நாளே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். பரிசோதனை செய்ய வசதி இல்லாதவருக்கு இந்த மருந்து சரிவராது.

அளவைச் சிறிதாகத் தொடங்கி, நாட்கள் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். இராச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வது வழக்கம். அந்த வேகத்தை நீங்கள் மாற்ற வேண்டாம். ஊருக்குப் போய் ஒரு கிழமை போடாமல் விட்டால், திரும்பி வந்து பழைய அளவிலேயே தொடங்கக் கூடாது. பழக்கம் விட்டுப்போய்ச் சிவப்பு புதிதாக வருவதுபோலவே வரும். டொக்டரைக் கேட்டுக் கீழிருந்து தொடங்க வேண்டும்.

அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாமசி வேலைக்கு வந்த புதிதில், ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமே என்று சாதாரண நயசின் 250 மி.கி. நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். வெறும் வயிறு, கூடவே சூடாக ஒரு தேத்தண்ணி. இருபது நிமிடம் இருக்கும். முதலில் காது மடல் சுட்டது. பிறகு கழுத்து, நெஞ்சு, முழங்கை வரை காஞ்சொறி பட்டதுபோல ஊசி ஊசியாகக் குத்தி எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகம் பீட்ரூட் நிறம். அரை மணிக்கு மேல் நின்றுவிட்டு வந்த மாதிரியே மெல்லப் போய்விட்டது. ஒவ்வாமை என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. தோலில் இருந்து புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரந்து இரத்தக் குழாய்களை விரிப்பதால் வருகிற சூடு அது. ஆனால் மூச்சுத் திணறினால், உதடோ நாக்கோ வீங்கினால் அது சிவப்புக் கணக்கில் வராது, உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

எனக்கு அது நடந்தபோது நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு செங்குத்தான மலையில், கானுக்கு மேலே நிற்கிற ஒருவருக்கு நடந்தால்? தலை சுற்றிச் சரிந்தால் பிடிப்பதற்குத் தேயிலைச் செடி மட்டும்தான். வேலைக்குப் போகிற காலையில் வெறும் வயிற்றில் நயசின் போடவே கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். சூடான தேத்தண்ணி, உறைப்புச் சம்பல், சாராயம் மூன்றும் சிவப்பைக் கூட்டும். மாத்திரை எடுக்கிற நேரத்தை ஒட்டி அவற்றைத் தள்ளி வையுங்கள்.

சிவப்பைத் தடுக்க அரை மணிக்கு முன் ஆஸ்பிரின் போடலாம் என்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் வாசித்திருப்பீர்கள். அது வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டில் டெங்கு இருக்கிறது. காய்ச்சல் நேரத்தில் ஆஸ்பிரின் உடம்பில் இருந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும், அதனால்தான் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். டொக்டர் சொன்னால் தவிர ஆஸ்பிரினைச் சேர்க்காதீர்கள்.

சிறுநீர் பாலில்லாத தேத்தண்ணி நிறத்தில் போனால், கண்வெள்ளை மஞ்சளானால், சாப்பாடு குமட்டினால், காரணமில்லாமல் அசதி தொடர்ந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டொக்டரைப் பாருங்கள். பார்வை மங்கினாலும் அப்படித்தான்.

அப்படியானால் என்ன செய்வது

அரச கிளினிக்குகளில் அட்டோவாஸ்டட்டின் இலவசம். எல்.டி.எல்.ஐ 30 முதல் 50 வீதம் வரை குறைக்கும், மாரடைப்பையும் குறைக்கும். ஸ்டட்டின் சாப்பிட்டால் ஈரல் போய்விடும் என்று பயந்து அதை விட்டுவிட்டு, அதைவிட ஈரலுக்கு ஆபத்தான நயசினுக்கு மாறுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. தசைவலி வந்தால் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டட்டினுக்கு மாற்றலாம். கிளினிக்கில் இல்லை என்று சொல்லித் துண்டு எழுதித் தந்தால், பாமசியில் மலிவான கொம்பனியில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதே மருந்து வேறு வேறு விலையில் கிடைக்கும். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

சாப்பாட்டில் ஒரேயடியாக எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், அது நடக்காது. ரொட்டிக்குப் போடுகிற தேங்காயையும் மாஜரினையும் பாதியாக்குங்கள். வடை, ரோல்ஸ் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். பருப்பு, கடலை, போஞ்சி மூன்றிலும் கரையும் நார் இருக்கிறது, அது எல்.டி.எல்.ஐக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். நம் வீட்டுத் தோட்டத்தில் விழுந்து அழுகுகிற வெண்ணெய்ப்பழத்தைச் சீனி போடாமல் சாப்பிடலாம். பீடி, சிகரெட்டை விடுவதற்கு ஈடான மருந்து எந்தப் போத்தலிலும் கிடையாது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால்

பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். போத்தலையே கையில் எடுத்துக்கொண்டு கிளினிக் போங்கள். பெயர், எத்தனை மி.கி., நாளுக்கு எத்தனை, எந்த மாதத்திலிருந்து என்ற நாலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், டொக்டருக்கு முன்னால் போனதும் மறந்துவிடும். எஸ்.ஜி.பி.டி.யும் வெறுவயிற்றுச் சீனியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தப் போத்தலையும், மூலிகை, மீன் எண்ணெய், வைட்டமின் எதுவானாலும், கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அந்த அக்கா அடுத்த சம்பளத்துக்கு மறுநாள் மறுபடி வந்தார். ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 168, கொஞ்சம் சீனியும் இருந்தது. கிளினிக்கில் அட்டோவாஸ்டட்டின் கொடுத்திருந்தார்கள். "இத ராவைக்குத் தானே தம்பி?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பையிலிருந்து இரண்டு நயசின் போத்தல்களையும் எடுத்து மேசையில் வைத்து, "பிள்ளைங்க கையில படாம நீங்களே எங்கயாவது போட்டுருங்க" என்றார். மகனுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அடுத்த தடவை பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறாராம்.